அண்ணன் மதினிக்கு வாங்கித் தந்த இடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்கும், பழகியவர்களுக்கும் அண்ணனின் தங்கை எழுதுகிறேன். அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அச்சகத்தில் ஒரு மாதிரித் தாளைக் காட்டினார்கள். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்றார்கள். யாருக்கும் பொருந்துவது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, நானே எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏட்டி, நல்லவரு, நாலு பேருக்கு ஒதவுனவருன்னு எழுதி முடிச்சிரு. தூசி, நெஞ்சு நோவுன்னு எழுதுனா, சாப்பிட வந்தவன் சோத்துல கைய வைப்பானா?" என்றார். சித்தப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வாசிக்கட்டும்.

எனக்கு அழகாக எழுத வராது. அழுகையும் வரவில்லை. இந்த ஒரு வருடமாக எதுவும் வரவில்லை. புதியம்புத்தூரில் தையல் கம்பெனியில் காலையில் மிஷினில் உட்காருகிறேன், சாயங்காலம் எழுந்திருக்கிறேன். இடையில் தைத்தது சட்டையா பாவாடையா என்று யாராவது கேட்டால், துணியைத் திரும்பிப் பார்த்துத்தான் சொல்வேன்.

எப்போதும்வென்றானுக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பாவுக்குச் செம்மறிக் கிடை இருந்தது. அறுப்பு முடிந்த கரிசல் காடுகளில் கிடை போடுவோம். எருவுக்குப் பதிலாகக் காட்டுக்காரர்கள் தானியம் தருவார்கள். அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போனார். அவர் ஒன்றும் சாமியார் இல்லை. சீட்டாட்டத்தில் கூசாமல் கள்ளம் பண்ணுவார். பிடித்துவிட்டால், "ஏமாந்தது ஓந்தப்பு" என்று சிரிப்பார். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார். மூன்றாவது நாள் எதற்குக் கோபம் என்று அவருக்கே மறந்திருக்கும். ஒரு ஆடு நொண்டினால் மட்டும், வீட்டில் யார் என்ன சொன்னாலும், அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வருவார்.

மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது கிடையை விற்றோம். அந்த வருடம் ஊரில் பலரும் செவல் மண் மேட்டில் கிடக்கிற வெங்கச்சாங்கல்லைப் பொறுக்கிக் குவித்தார்கள். வெள்ளையாக, உடைத்த இடத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கும் கல். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஆடு மேய்க்கிறவன் காலைக் கிழிப்பதற்கென்றே கிடக்கிற கல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது அது. "இந்தக் கல்ல வாங்கிட்டுப் போயி என்னதான் செய்யுதான்?" என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாததால், அண்ணன் ஒருநாள் லாரியிலேயே ஏறிப் போய்விட்டார். திரும்பி வந்தபோது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. வேலையும் கிடைத்திருந்தது. அம்மா அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. "ஏலே, பொண்ணு பாக்கணும்னு இருந்தேன். இப்பிடிக் கெழவனா வந்து நிக்க?"

கோவில்பட்டிக்கு வெளியே உள்ள அந்தக் கல் பவுடர் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அது என்ன வேலை என்று மட்டும் சொல்கிறேன்.

அங்கே பெரிய இரும்பு உருளைகள் படுக்கை வாக்கில் சுற்றும். உள்ளே வழுவழுப்பான உருண்டைக் கற்கள் கிடக்கும். வெங்கச்சாங்கல்லைக் கடலைப் பருப்பு அளவுக்கு உடைத்து அதற்குள் போட்டு மூடிவிடுவார்கள். உருளை சுற்றச் சுற்ற உருண்டைகள் மேலேறி விழுந்து கல்லை மாவாக்கும். அந்த மாவு ஓட்டுக் கம்பெனிக்கும், பீங்கானுக்கும், தீப்பெட்டி மருந்தில் கலக்கவும் போகும். அரைப்பதில் இரண்டு வகை. தண்ணீர் இல்லாமல் அரைப்பது காய்ந்த பக்கம். தண்ணீர் ஊற்றி அரைப்பது ஈரப் பக்கம். காய்ந்த பக்கத்து உருளையைத் திறந்தால் மாவு புகையாக எழும்பும். ஈரப் பக்கத்து உருளையைத் திறந்தால் கூழாக வழியும். அண்ணன் காய்ந்த பக்கத்து உருளைக்குக் கிடா என்றும், ஈரப் பக்கத்து உருளைக்குப் பசு என்றும் பெயர் வைத்தார். ஒன்று முட்டும், ஒன்று பால் தரும். எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். மேஸ்திரிகூட, "ஏ, கிடாவ நிப்பாட்டுங்கப்பா" என்றுதான் கத்துவார்.

ஈரப் பக்கம் எப்போதும் ஓடாது. நம் பக்கத்துத் தண்ணீர் நிலவரம் உங்களுக்கே தெரியும். லாரித் தண்ணீர் வந்தால் பசு ஓடும், வராவிட்டால் படுத்துக்கொள்ளும். கிடாவுக்குத் தண்ணீரே வேண்டாம். அதனால் அது வருடம் முழுக்க ஓடும். அண்ணன் கிடாவின் ஆள்.

மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கோடையில் துண்டை நனைக்கத் தண்ணீர் இருக்காது. வேலை முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுப்பார்கள். கருப்பட்டி தின்றால் தொண்டையில் இருக்கிற தூசி வயிற்றுக்கு இறங்கிவிடும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. நெஞ்சுக்குள் போனது வயிற்றுக்கு எப்படி வரும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அண்ணன் தன் பங்கைத் தின்னாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்து எனக்குத் தருவார். நான் தின்றேன்.

மதினியும் அதே கம்பெனிதான். கல்யாணத்துக்கு அப்புறம் காய்ந்த பக்கத்தில் மூட்டை பிடிக்கிற வேலைக்குப் போனார். உருளையிலிருந்து சலித்து விழுகிற மாவைச் சாக்கில் பிடித்துத் தைக்க வேண்டும். சாயங்காலம் இரண்டு பேரும் வெள்ளையாக நடந்து வருவதைப் பார்த்து ஊரில் கேலி பேசுவார்கள். "அறுபதாங் கல்யாணம் இன்னைக்கே வச்சிக்கிடலாம் போல." மதினி விடமாட்டார். "வச்சிக்கிடுங்க, மொய் எழுத நீங்கதான் வரணும்." அவர்கள் மகள் இப்போது கோவில்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளைத் தூசிப் பக்கமே விடவில்லை.

அண்ணனுக்கு இருமல் வந்தது. பீடி என்றார்கள். அண்ணன் பீடி குடித்தது மகள் பிறக்கிறவரை. பிறகு தொட்டதில்லை. இப்போதும் சிலர் பீடியால்தான் போனான் என்று பேசுகிறீர்கள். நிறுத்துங்கள். அதன் பிறகு காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி ஒன்றும் இல்லை, ஆனாலும் மாத்திரையைத் தின்று முடித்தார். இருமல் போகவில்லை. கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், நெஞ்சுப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "என்ன வேலை பாக்கிறீங்க?" என்று கேட்டார். அண்ணன் சொன்னதும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கல் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, வெளியே எடுக்க வழியில்லை, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார். பேருந்தில் திரும்பி வரும்போது அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "அப்பம் அவளுக்கும் போகுமே."

மறுநாள் அண்ணன் முதலாளியைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். முதலாளி உட்காரச் சொன்னார், காபி வாங்கித் தந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். நல்ல மனிதர் என்றும் சொல்லமாட்டேன்.

"ஈரப் பக்கத்துல ஒரு எடம் இருக்கு. ஒரு ஆளுதான் பிடிக்கும். தண்ணி அம்புட்டுத்தான் வருது. நீரு அங்கன போயிரும்" என்றார்.

"எனக்கு வேண்டாம் மொதலாளி. வீட்டுக்காரிய மாத்தி விடுங்க."

"நோவு ஒமக்குல்லாய்யா வந்திருக்கு?"

"எனக்குள்ள போனது போயிருச்சு. அவளுக்கு இன்னும் முழுசாப் போகல."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொல்லித் திருத்துவேன் என்று நினைத்திருப்பார். வெளியே வந்ததும் நான் கத்தினேன். "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? டாக்டரு யாரப் போவக் கூடாதுன்னு சொன்னாரு?"

"மெல்லப் பேசு ஏட்டி. கிடா சத்தத்த விட ஒஞ்சத்தந்தான் பெருசாக் கேக்கு" என்றார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமி முடித்ததும், "வீட்டுல ரெண்டு பேரும் படுத்துட்டா பிள்ளைக்கு யாரு?" என்று கேட்டார்.

மதினிக்கு விஷயம் தெரிந்தபோது, ஈரப் பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று சண்டை போட்டார். அண்ணன் தன் வழக்கப்படி இரண்டு நாள் பேசவில்லை. இந்தத் தடவை மூன்றாவது நாளும் பேசவில்லை. மதினி போனார். அண்ணன் காய்ந்த பக்கத்திலேயே, மாவு மூட்டையைத் தூக்க முடியாமல் போகிறவரை நின்றார்.

கடைசி மாதங்களில் அவரால் படுக்க முடியவில்லை. சுவரோரம் தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். ஒரு வாக்கியத்தை மூன்றாகப் பிரித்துப் பேசுவார். சாயங்காலம் மதினி வேலையிலிருந்து வந்ததும் பக்கத்தில் வரச் சொல்லி, புருவத்தைப் பார்ப்பார். காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் ஒன்றும் ஒட்டாது. "பசு கிட்ட... சேந்தது... நல்லதாப் போச்சு" என்பார். இரண்டு மடக்குக் கஞ்சி குடிப்பார். நாங்களும் அதைப் பார்த்து, இந்த ஒன்றாவது சரியாக நடந்தது என்று நினைத்தோம்.

ஒரு விடிகாலையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மதினி கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மூச்சுச் சத்தம் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து வெகு நாளாகியிருந்தது.

இதோடு முடித்திருந்தால் சித்தப்பாவுக்கும் திருப்தியாக இருந்திருக்கும். மனைவியைக் காப்பாற்றிவிட்டுத் தான் போன மனிதர் என்று போட்டிருக்கலாம். நானும் அப்படித்தான் எழுத நினைத்தேன்.

போன மாதம் இந்த நினைவு நாளுக்கு அழைக்கக் கம்பெனிக்குப் போனேன். அங்கே வேலை செய்கிறவர்களில் நம் சொந்தம் நிறைய. ஈரப் பக்கத்துக்கு நான் அதற்கு முன் போனதில்லை. முன்னால் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கூழ் குழாய் வழியாகத் தொட்டிகளுக்குப் போனது. எங்கும் ஈரம், ஒரு பொட்டுத் தூசி இல்லை. அண்ணன் பார்த்துவிட்டுப் போனது இதைத்தான்; இதற்குப் பின்னால் அவருக்கு வேலை இருந்ததில்லை. மதினி எங்கே என்று கேட்டேன். "பின்னால களத்துல" என்றார்கள்.

தொட்டிகளுக்குப் பின்னால் பெரிய சிமெண்டுக் களம். கூழ் தொட்டியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருப்பதை அள்ளி வெயிலில் பரப்புகிறார்கள். காய்ந்ததும் கரிசல் காடு கோடையில் வெடிப்பதைப் போலப் பாளம் பாளமாக வெடிக்கிறது. வாங்குகிறவருக்குப் பாளம் வேண்டாம், மாவு வேண்டும். பெண்கள் வரிசையாக நின்று அந்தப் பாளங்களைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். உளுந்துச் செடியை அடிப்பது போலவே அடித்தார்கள். அடித்ததைச் சொளகில் அள்ளிச் சல்லடையில் போட்டார்கள். களத்தின் மேல் வெள்ளைப் புகை நின்றது. அந்தப் புகைக்குள் மதினி இருந்தார்.

தண்ணீரில் அரைத்த மாவு காய்ந்த மாவைவிட மெல்லிசு. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லையாம். களம் இருந்தது, வெயில் இருந்தது, காய்ந்த பொருள் கிடந்தது. நம் ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்? உளுந்தும் கம்பும் மல்லியும் அடித்த கை, கல்லையும் அடித்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் ஒருவர் முந்தானையை வாயிலிருந்து இறக்கிச் சத்தம் போட்டார். எனக்குச் சின்னம்மா முறை. "என்னட்டி டைலரம்மா, சேல அழுக்காயிரும்னு அங்கனயே நிக்கியா?"

"சின்னம்மா, இது பூராம் தூசியால்லா இருக்கு!"

"இது ஈரத்துல அரச்சதுட்டி. ஒண்ணுஞ் செய்யாது. கிடாப் பக்கத்துல உள்ளதுதான் நெஞ்ச அடைக்கும்."

மேஸ்திரியிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். "ஈரப் பக்கத்துல தூசி ஏதும்மா?" என்றார். அவர் சட்டைக் காலர் வெள்ளையாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். நான் சத்தம் போட்டதில் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அது மட்டும்தான் நடந்தது.

வேலை முடிந்ததும் மதினி தொட்டித் தண்ணீரில் தலையோடு குளித்தார். எல்லாப் பெண்களும் குளித்தார்கள். ஈரப் பக்கத்தில் தண்ணீர் உண்டல்லவா? ஈரத் தலையோடு, மாற்றுச் சேலையில், பளிச்சென்று வெளியே வந்தார். அண்ணன் தினமும் தடவிப் பார்த்தது இந்தக் காதைத்தான்.

நடந்து வரும்போது கேட்டேன். "அண்ணங்கிட்ட ஏன் மதினி சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நானும் ஒண்ணுஞ் செய்யாதுன்னுதான் நெனச்சேன். குளிச்சாச் சரியாயிருமே."

"இப்பம் தெரிஞ்சிட்டுல்லா? வேலைய விட்டுருங்க."

மதினி ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "அவிய எனக்கு வாங்கித் தந்த எடம்ட்டி இது. தான் போவாம என்னய அனுப்புனாவ. அத வேண்டாம்னு எப்பிடிச் சொல்லுவேன்? அப்பம் அவிய செத்தது எதுக்கு?"

ஆகவே, இந்த மலரில் இதை எழுத வேண்டியிருக்கிறது. அண்ணன் நல்ல மனதோடு செய்த காரியம் தப்பான காரியமாகப் போய்விட்டது. அவர் மதினியைத் தூசியிலிருந்து எடுத்து வேறொரு தூசியில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியவில்லை. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு மதினி அந்தக் களத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். களத்தில் நிற்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அரைக்கும்போதுதான் அது ஈரம். நீங்கள் அடிக்கும்போது ஈரம் இல்லை. முதலாளிக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். பாளத்தை உடைக்க வேண்டுமானால் ஈரம் போகுமுன் உடைக்கச் சொல்லுங்கள், அல்லது மூடிய மிஷின் வாங்குங்கள். பெண்களின் மூச்சில் உடைக்காதீர்கள்.

இனி நன்றி. அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஒவ்வொரு முறையும், பாதி வழியில் மூச்சு வாங்கினால் வண்டியை ஓரம் நிறுத்திப் பொறுமையாக இருந்த பக்கத்துத் தெரு ஆட்டோக்காரத் தம்பிக்கு நன்றி. என்ன வேலை என்று முதலில் கேட்ட டாக்டருக்கு நன்றி. காரியத்துக்குக் கிடை ஆடு கொண்டுவந்து கட்டிவிட்டுச் சொல்லாமல் போன ஓட்டப்பிடாரத்து மாமாவுக்கு நன்றி. அண்ணன் மகளுக்குப் பாடம் விட்டுப்போகாமல் எழுதிக் கொடுத்த தோழிகளுக்கு நன்றி. பிடிக்காமலேயே அச்சுக்கூலியில் பாதியை ஏற்றுக்கொண்ட சித்தப்பாவுக்கும் நன்றி. வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர்களுக்குத்தான் அதிக நன்றி. பேசியவர்கள் எல்லோரும் பீடியைப் பற்றித்தான் பேசினார்கள்.

இதை அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் மதினிக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். மதினி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். சீட்டாட்டக் கள்ளத்துக்குச் சிரித்தார். களம் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

"அவிய தப்பான காரியம் பண்ணிட்டாவன்னா எழுதியிருக்க?"

"ஆமா."

"அத எடுத்துரு."

பேனாவைத் திறந்தேன். மதினி கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இரு. எடுத்துட்டா அங்கன நிக்கிறவளுவ எப்பிடித் தெரிஞ்சிக்கிடுவாளுவ?"

நான் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இருக்கட்டும்ட்டி" என்றார் மதினி. "அவிய இருந்து பாத்திருந்தா, அவியளே வந்து என்னயக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பாவ. திங்கக்கெழம எனக்கு நெஞ்சுப் படம் எடுக்கணும். நீயும் லீவு போடு. படம் எடுத்துட்டு அப்பிடியே ஒங் கம்பெனிக்குப் போவோம். சட்டைக்குக் காஜா எடுக்கவாவது ஆள் கேப்பாங்கல்லா?"

பேனாவை மூடினேன். எழுதியது அப்படியே இருக்கிறது.